இரண்டு லிட்டர்

குட்டாய்சியில், ரியோனி ஆற்றுப் பாலத்துக்கு இப்பால்
பாத்திரக் கடையில் பத்தொன்பது வருடமாக நிற்கிறேன்.
வருகிறவர்கள் முதலில் சிவப்புச் சட்டியைத் தொடுவார்கள்.
பிறகு விலைச்சீட்டைத் திருப்புவார்கள்.
பிறகு அதைவிட்டு இரண்டடி தள்ளி நிற்பார்கள்.

சியூரி சிவப்பைப் பார்க்கவே இல்லை.
மெத்தை தைக்கும் பட்டறையிலிருந்து நேரே வந்திருந்தாள்,
கம்பளிச் சட்டையின் கையில் பஞ்சு.
பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்:
பள்ளிக்கூட அடிக்கோல்,
குளிர்பெட்டிக் கதவிலிருந்து பெயர்த்த
வால் உடைந்த மீன் காந்தம்,
இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்.
'தாகமா?' என்றேன்.
'பாத்திரத்துக்கு.'

நான் என் பாட்டைத் தொடங்கினேன்:
மூன்றடுக்கு அடி, நடுவில் அலுமினியம்,
இத்தாலியப் பிடி, இருபது வருட உத்தரவாதம்.
வெளியே மழை என்று யாரோ சொன்னதுபோல்
தலையாட்டிக்கொண்டே
வாணலியைக் கவிழ்த்து
அடிக்கோலைக் குறுக்கே வைத்து
ஜன்னலுக்கு நேரே பிடித்தாள்.
கோலுக்கும் அடிக்கும் நடுவே
நூலளவு வெளிச்சம்.
'எண்ணெய் ஓரத்துக்கு ஓடிவிடும்,
முட்டை நடுவில் கருகும்'
என்னிடம் அல்ல,
வாணலியிடம்தான் சொன்னாள்.

காந்தம் ஒன்றில் ஒட்டியது, ஒன்றில் வழுக்கியது.
கைப்பிடி ஆணிகளைக் கட்டைவிரலால் அசைத்தாள்,
ஆடும் பல்லைக் குழந்தை அசைப்பதுபோல.
கறுப்புப் பூச்சு போட்டதை நகத்தால் ஒரு தரம் கீறி,
மன்னிப்புக் கேட்காமல் திருப்பித் தந்தாள்.

பிறகு வார்ப்பிரும்புச் சட்டி.
பொய் சொல்லவில்லை,
கடையிலேயே நல்லது அதுதான்.
நாள்பட உழைக்கும், சூட்டை விடாது,
ஒரு தலைமுறை தாண்டியும் அடி வளையாது.
அவளும் அதைத்தான் நினைத்து வந்திருக்கிறாள்,
தொட்ட விதத்தில் தெரிந்தது.
பாட்டிலைத் திறந்து முழுவதையும் ஊற்றினாள்.
'காலிச் சட்டியை யார்தான் தூக்கமாட்டார்கள்.
என் அடுப்பிலிருந்து தொட்டிக்கு ஆறு எட்டு.'

வாசலை நோக்கி நடந்தாள்.
நான்காம் எட்டில் தண்ணீர் நடுங்கியது.
ஐந்தில் குனிந்து தரையில் வைத்துவிட்டு
வலது மணிக்கட்டை இடது கையால் மூடிக்கொண்டாள்.
போன ஜனவரியில் பனிக்கட்டியில் வழுக்கியதாம்.
உள்ளே ஒரு தகடு, நான்கு திருகு.
'உன் கடையில் இருப்பதைவிட நல்ல எஃகு' என்று சிரித்தாள்.
சிரித்து முடித்த பிறகும்
அந்தச் சட்டியை விட்டு நகரவில்லை.
பணமும் இருந்தது, பர்ஸ் தடித்திருந்தது.
நான் தண்ணீரைப் பாட்டிலில் திருப்பி ஊற்றினேன்,
பாதி என் செருப்பில்.

கடைசியில் எடுத்தது
இரண்டு காது வைத்த எஃகுப் பானை,
பக்கத்தில் ஒரு கீறல், அறுபத்து நான்கு லாரி.
ஆறு எட்டு போனாள், ஆறு எட்டு வந்தாள்,
ஒரு சொட்டு சிந்தவில்லை.
நாலு நாளைக்கு லோபியோ கொள்ளும் என்று
கண்ணால் சிவப்புப் பயறு அளந்தாள்.
சுற்றிக் கட்டும்போது கேட்டாள்:
'மூடி வளையம் சுடுமா?'
'சுடாது.'

எனக்கென்ன தெரியும்.
பத்தொன்பது வருடத்தில் யாரும் கேட்டதில்லை.
என் வீட்டுச் சட்டிக்கு மூடியே கிடையாது,
சூப் தட்டைக் கவிழ்த்துவைப்பேன்,
அதுவும் ஆடும்.

வெள்ளிக்கிழமை வந்தாள், பானை இல்லாமல்.
மூடியை மட்டும் கொண்டுவந்திருந்தாள்.
ஆள்காட்டி விரலை
என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்:
நுனியில் பளபளவென்று ஒரு கொப்புளம்.

பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன்.
'எதற்கு? அடி சமமாக இருக்கிறது.'
பிறகு? பேசாமல் நின்றாள்.
மேசையடியில் நேற்றிரவுப் புட்டியின் தக்கை கிடந்தது.
எடுத்து, வளையத்துக்கும் மூடிக்கும் நடுவே
திருகித் திருகிச் செருகினேன்.
இறுகிப் பிடித்துக்கொண்டது.
அவள் தக்கையைப் பிடித்து ஒருமுறை தூக்கிப் பார்த்தாள்,
முகர்ந்தும் பார்த்தாள்.

'சபெராவியா?'
'ஆமாம்.'
'கொதிக்கும்போது வாசம் ஏறுமே.'
'ஏறட்டும்' என்றேன்.
மூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
பாலத்தின் பக்கம் போனாள்.
இரண்டு லிட்டர் பாட்டிலை
அன்றைக்கு மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள்.
இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது,
நிரப்பியே வைத்திருக்கிறேன்.