ஒலிச் சோதனை

பிஷ்கெக்கில், மூன்றாம் மாடி.
நான்காம் மேசை மவுஸ் இடப்பக்கமே ஓடும்.
முன்கூட்டியே சொல்வேன்; சிரிப்பார்கள், அப்புறம் திட்டுவார்கள்.
ஆறாவதில் ஸ்பேஸ் பாரை
இரண்டு தரம் குத்தினால்தான் ஒரு இடைவெளி.

தேர்வுக்கு முன்னால் திரை கேட்கும்:
நீங்கள் வாழும் நகரத்தைப் பற்றிப் பேசுங்கள்.
மதிப்பெண் இல்லை, மைக்கைச் சோதிக்க மட்டும்.
ஒன்பது வாயில் ஒரே நகரம்:
மலை, பஜார், பாப்லர் மரம், குளிர்காலப் புகை,
மறுபடி புகை.

நர்ஸ் பெர்மெத்துக்குப் பச்சைக் கோடு எழவில்லை.
குரல் போதாது, என்றது திரை.
கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.
போதாது.
"இந்த ஊரில் சம்பளம்
பத்தாம் தேதியோடு தீர்ந்துபோகும்,
நான் ஜெர்மனி போகிறேன்,
வார்டில் ஒருத்தருக்கும் தெரியாது!"

கோடு எகிறியது.
நன்றி, என்றது திரை.

எட்டு பேரும் வாயடைத்த அந்த நொடியில்
இரண்டு மேசை தள்ளி
ஹெட்போனைக் கழற்றித் திரும்பினார்
அவளுடைய தலைமை மருத்துவர் உர்மத்.

கண்ணாடிக்கு இப்பால் நான்.
பார்க்கலாம், பேசக்கூடாது.

அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.
மைக்கை உதட்டருகே இழுத்து
"எங்கள் மலைகள் மிக அழகு" என்றார்,
மெதுவாக, மிக மெதுவாக.

இன்னும் சற்று உரக்க,
என்றது திரை.