ஐம்பத்தெட்டாம் வரி

கேஷ் கவுண்டரில் பதினொரு வருஷம்.
சாயங்காலம் கணக்கு நேராகாமல்
ஒருநாளும் வீட்டுக்குப் போனதில்லை.
அந்தக் கையால்தான்
பட்டாம்பூச்சிகளையும் எண்ணிவந்தேன்,
கரூர்க் கிளையின் கறிவேப்பிலைத் தொட்டியில்
முதலாவது வந்து உட்கார்ந்த நாளிலிருந்து.

அரையாண்டு லீவுக்கு அரியமான் கடற்கரை.
தொண்ணூற்றொன்பதோடு வந்திறங்கினேன்.
கந்தவேலிடம் சொல்லவில்லை.
சொல்லிவிட்டால்
கடலுக்கு முதுகு காட்டி ஏன் நிற்கிறாய் என்று
கேட்க மாட்டார்.
அவர் கேட்பது எனக்குப் பிடிக்கும்.

சவுக்குத் தோப்பைத் தாண்டி,
ஈரத்துணி மாற்ற ஓலைமறைப்பு கட்டியிருந்த இடத்துக்குப் பின்னால்,
யாரும் செல்ஃபி எடுக்காத ஒரு புதர்.
"உகா மரம்க்கா. எங்க வாப்பா
இதுலதான் பல்லு வெளக்குவாக" என்றார்
ஆட்டோ செய்யது.

அந்த உகாவில்
காற்று கொஞ்சம் மூச்சு வாங்கிய நேரம்
வெந்த இறாலின் நிறம்
இலை விட்டு இலை தாவியது.
ஓரமெல்லாம் கறுப்பு மை,
கையெழுத்துப் போட்டு இன்னும் காயாத மாதிரி.
திறந்தால் இறால். மூடினால் வெளிர்மஞ்சள் இலை.
மூடினால் இல்லை.
திறந்தால் உண்டு.

நூறு.

மணி பத்து இருபது.
கை நடுங்கி எடுத்த படத்தில்
முக்கால்வாசி வானம்,
மீதி என் கட்டைவிரல்.
கத்த வேண்டும்போல இருந்தது.
மறைப்புக்குள் யாரோ ஒருத்தி
பாவாடை பிழிந்துகொண்டிருந்தாள். கத்தவில்லை.
செய்யதிடம் மட்டும் சொன்னேன்:
"நூறாவது."
"நூறு ரூவாயா? இல்லக்கா,
வெயிட்டிங் எம்பதுதான்."

மத்தியானம் கணவாய் வறுவல்
ரெண்டு பிளேட் கூடுதலாக வாங்கினேன்.
என்ன விசேஷம் என்றார். சொன்னேன்.
தன்சிகா ஈரமணலில்
ஒன்று, பூஜ்யம், பூஜ்யம் என்று வரைந்தாள்.
அலை வந்து கடைசிப் பூஜ்யத்தை
எடுத்துக்கொண்டு போயிற்று.

இரவு லாட்ஜில், கொசுவத்திப் புகையில்,
கடன் வாங்கி வந்திருந்த படப்புத்தகத்தைப் புரட்டினேன்.
என் நோட்டின் முப்பத்தொன்று:
கறுப்புச் சிறகில் வெள்ளை நிலாக்கள், ஊதா விளிம்பு.
ஐம்பத்தெட்டு:
வெந்தய வரியனைப் போலவே வேஷம் கட்டியது,
ஒற்றைப்புள்ளி வரியன் என்று நானே பெயர் வைத்தது.
இரண்டும் ஒரே பக்கத்தில், தோளோடு தோள்.
அது ஆண்.
இது பெண்.

ஒரே நோட்டை
இரண்டு தரம் எண்ணியிருக்கிறேன்.

"நம்மளயும் எவனாச்சும்
ரெண்டு சாதிப் பூச்சின்னு எழுதி வச்சிருப்பான்"
என்று சிரித்துப் புரண்டு படுத்தார் கந்தவேல்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
கேஷில் குறைந்தால் கைக்காசு போடலாம்.
இதற்கு எதைப் போடுவது?

ஐம்பத்தெட்டை ரப்பரால் தேய்த்தேன்.
தாள் மெலிந்து
பின்பக்கத்து எழுத்து தெரிந்தது.

காலையில் பைகளெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன.
ராவணன்மீசைப் புல்லுக்கும் ரோட்டுக்கும் நடுவே
செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தேன்.
செப்புநெருஞ்சி மேல்
சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு.
தூசியா உயிரா என்று தெரியாத சாம்பல்.
முழங்கால் போட்டேன்.
பிறகு முழங்கை. பிறகு கன்னம்.
பின்சிறகின் ஓரத்தில்
ஆரஞ்சுப் பொட்டுகள் வரிசையாக,
பொட்டுக்குள் பொட்டாக
குண்டூசி முனையளவு பச்சை மினுக்கம்.
இவ்வளவு சிறிய ஒன்றுக்கு
யார் உட்கார்ந்து இத்தனை வேலை செய்தது?

ஹாரன் அடித்தது.
அது நகரவில்லை. நானும்தான்.
"அக்கா விழுந்துட்டாகளா?"
செய்யது ஓடிவரும் சத்தம்
மண்வழியாகக் காதுக்குள் கேட்டது.

பரமக்குடி வரைக்கும் எழுதவில்லை.
கன்னத்து மணலையும் தட்டவில்லை.
பஸ் டீக்கு நின்றபோது
தன்சிகாவிடம் கெஞ்சிப் பென்சில் வாங்கி
மெலிந்துபோன ஐம்பத்தெட்டாம் வரியில்
மெதுவாக எழுதினேன், கிழியாமல்.

நூறாவதாக உகாவின் இறாலே இருக்கட்டும்.
தேதிதான் முன்பின்னாக நிற்கிறது.
ஆடிட்டர் வந்தால்
பார்த்துக்கொள்ளலாம்.