பதினோரு கிலோ

குரங்குக்கு என்று சொல்லிவிட்டேன்.
மாடியில் காயும் வடகத்தை அள்ளிக்கொண்டு போகிறதே,
அதை விரட்ட.
கேட்டவர்கள் திருப்தியாகப் படியிறங்கினார்கள்.
வேறு காரணம் எனக்கும் தெரியாது.

முதல் கட்டை கவுண்டன்யா ஆற்று மணலிலிருந்து.
சீமைக்கருவேலம், இலவசம்,
முள்ளுக்கு மட்டும் கையில் நாலு இடம் கொடுத்தேன்.
வெட்டிய முனைகளில் கம்பெனிப் பசையைப் பூசினேன்,
ஷூவுக்கு அடி ஒட்டுகிற அதே மஞ்சள் பசை.
மரம் மெதுவாகக் காய வேண்டுமாம்.
குடியாத்தத்துச் சித்திரை
எதை மெதுவாகக் காயவிட்டிருக்கிறது?
மூன்றாம் நாள் மத்தியானம்
தண்ணீர் டேங்க் பக்கம் ஒரு சத்தம்.
போய்ப் பார்த்தால்
நெடுக, நூல் பிடித்த மாதிரி, விரிசல்.

இரண்டாவது, முனிரத்தினத்தின் காயலான் கடையில்:
ஜட்கா வண்டியின் ஏர்க்கால்.
"தடசு. வளையும், லேசுல ஒடியாது.
இன்னா பண்ணப் போற?"
"குரங்குக்கு."
இருநூறு ரூபாய்.

தோல் எனக்குத் தெரியும்.
ஒன்பது வருஷமாகப் பேரணாம்பட்டுக்குப் போகும் வேனில்
ஜன்னலோர சீட் என்னுடையது.
தோலில் தையல் தப்பினால் பிரிக்கலாம்,
சூப்பர்வைசர் திரும்புவதற்குள்
ஊசித் துளையை நகத்தால் தேய்த்து மூடலாம்.
மரத்தில் சீவியது சீவியதுதான்.
காலடியில் சுருள் சுருளாகக் கிடக்கிறது,
ஒன்றைக்கூடத் திருப்பி வைக்க முடியவில்லை.

முதுகைத் தொடக்கூடாது.
அங்கே ஒரே ரேகை
முனை முதல் முனை வரை அறுபடாமல் ஓட வேண்டும்.
வயிற்றுப் பக்கம்தான் சீவ வேண்டும்.
முதலில் வெட்டுக்கத்தி, அப்புறம் அரம்,
அப்புறம் உடைந்த சோடா பாட்டிலின் சில்லு.
சில்லுதான் நல்லது,
கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

சுவரில் ஆணியடித்து மாட்டி
கயிற்றைக் கீழே இழுத்தேன்.
இடக்கை வளைந்தது.
வலக்கை விறைத்து நின்றது.
இடதுக்குப் பலம் ஏற்ற வழியில்லை,
வலதைத்தான் இறக்க வேண்டும்.
இதை ஒப்புக்கொள்ளவே இரண்டு ஞாயிறு ஆயிற்று.
இறக்கினேன்.
இப்போது வலது கூடுதலாக வளைந்தது.
இடதைச் சீவினேன்.
இப்படியே போனால் கடைசியில்
இரண்டு பக்கமும் கச்சிதமாகச் சமமான
ஓர் ஈர்க்குச்சி.

"வில்லு நேராத்தான் கீது.
நீ நிக்கிறதுதான் கோணல்."
அடுத்த மெஷின் தில்ஷாத், பார்க்க வந்தவள்,
போனில் என்னைப் பின்னாலிருந்து படம் எடுத்துக் காட்டினாள்.
சுவரில் செங்கல் வரிசை,
அதன் மேல் என் தோள்கள்.
வலது ஒரு விரல் கீழே.
எந்தப் பக்கத்தைச் சீவுவது என்று
அவளும் சொல்லவில்லை.
அன்று சில்லைத் தொடவில்லை.
மறு வாரம் வில்லைத் தலைமாற்றி மாட்டிப் பார்த்தேன்.
அவள் சொன்னது பாதி சரி.

நாணுக்கு மெழுகு நூல், பதினாறு இழை.
அதை முறுக்க மட்டும்
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இழுவை எவ்வளவு என்று பார்க்க
முனிரத்தினத்தின் கொக்கித் தராசு.
நாணில் கொக்கியை மாட்டி அவர் பிடித்துக்கொள்ள
வில்லை நான் தள்ளினேன்,
என் மோவாய்க்கு வரும் தூரம் வரை.
முள் ஆடி ஆடிப் பதினொன்றில் நின்றது.
"பழைய பேப்பரா இருந்தா
நூத்தம்பத்தி நாலு ரூபா" என்றார்.

ஆற்று நாணலில் அம்பு.
தோல் துண்டுகள் அடைத்த சாக்கு, பதினைந்தடியில்.
முதலாவது டிஷ் ஆன்டெனாவில் பட்டது.
இரண்டாவது எங்கே என்று இன்னும் தெரியாது.
மூன்றாவது
சாக்கின் ஓரத்தில், ஓரத்திலும் ஓரத்தில்,
நின்று நடுங்கியது.
டேங்க் மேல் குரங்கு உட்கார்ந்திருந்தது.
ஒரு வடகத்தைக் கடித்துக்கொண்டே
சாக்கைப் பார்த்தது, என்னைப் பார்த்தது.
அதன் பக்கம் நான் வில்லைத் திருப்பவில்லை.

நாணைக் கழற்றினேன்.
வில் முழுசாக நிமிரவில்லை,
ஒரு விரல் அளவு வளைவு தங்கிவிட்டது.
முதல் வில்லுக்கு அப்படித்தான் ஆகுமாம்.
ஈரத்துணியால் துடைத்து
பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே
படுக்கவைத்தேன்.
நாளை ஏழு மணிக்கு வேன்.