வடிதாள் இலை

ஒசாகாவில், ஜன்னல் திறக்காத ஆய்வறையில்
ஆரஞ்சு இலையின் சாற்றை வடித்து
பச்சைக் காகிதத்தில் தடவுகிறாள் சயோகோ.

வால் நீண்ட வண்ணத்துப்பூச்சி வந்தமர்ந்து
முன்னங்கால்களால் தட்டுகிறது,
தர்பூசணி வாங்க வந்தவர் மாதிரி.
நாக்கு அதற்குப் பாதத்தில்.
கசப்பு சரி.
பச்சை வாடையும் சரி.
இருந்தாலும் இன்னொரு தட்டு.
பிறகு வயிற்றை வளைத்து
ஒரே ஒரு முட்டை:
வெளிர்மஞ்சள், கடுகைவிடச் சிறிது.

‘ஏற்றது’ என்று ஏட்டில் குறித்து
விளக்கை அணைத்தவள்
மறுபடி போடுகிறாள்.
சோதனை ஜெயித்துவிட்டது.
நாலைந்து நாளில் பிறக்கும் புழு
எதைத் தின்னும், வடிதாளையா?

முட்டையோடு ஒரு துண்டைக் கத்தரித்து
படிக்கட்டின் கீழே தொட்டியில் நிற்கும்
ஆரஞ்சுக் கன்றுக்குப் போகிறாள்.
இந்தத் தளிரா, அந்தத் தளிரா,
விரலால் தடவித் தடவிப் பார்க்கிறாள்.
ஒன்றும் தெரியவில்லை.
காலில் ஆய்வறைச் செருப்பு.