இருநூறு ஓட்டு

மரகைபோவில் கரண்ட் நாலு மணி நேரம்தான்.
அதற்குள் எழுதி, படம் எடுத்து, ஏற்றிவிட வேண்டும்:
எரிந்துபோன மின்விசிறிக்குச் செம்புக்கம்பி சுற்றியது,
நடுவில் எண்ணிக்கை தப்பி
திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கியது.

மொத்த வெகுமதி மூன்று சென்ட்.

'ரெண்டு டாலர் அனுப்பு, பெல்கிஸ்,
இருநூறு ஓட்டு விழும்' என்றான் ஒருவன்.
விழும்தான்.
இருநூறில் ஒன்றுக்காவது கண் உண்டா?
ரெண்டு டாலருக்குச் சோளமாவு வாங்கினேன்.

மிச்ச நேரத்தில் அடுத்தவர் எழுதியதைப் படித்தேன்.
பூசானில் ஒரு லாரிக்காரர், முழங்கால் வலி பற்றி,
நீளமாக.
கடைசிவரை போய், 'எந்தக் கால்?' என்று கேட்டேன்.

வியாழன் போன கரண்ட்
ஞாயிறுதான் வந்தது.
ஏழு பேர் கேட்டிருந்தார்கள்:
அந்தப் பச்சை விசிறி ஓடிற்றா?

ஓடவில்லை.

எட்டாவது, லாரிக்காரர்:
'இடது.'