முட்டி போடுதல்

பயிற்சியின் இரண்டாம் நாள் பதினொன்றரை மணிக்கு
எல்லோரும் முட்டி போடுங்கள் என்றார்.
தண்டையார்பேட்டை சமுதாயக் கூடத்தில்
முப்பத்தெட்டு பேர்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

கடைசியாக நான் முட்டி போட்டது
ஏழாம் வகுப்பில், வாய்ப்பாடு வராமல்,
கொடிக்கம்பத்துக்குப் பக்கத்து வெயிலில்.
சொன்னேன். பின்வரிசை சிரித்தது.
"தண்டனை இல்லைங்க, இது உயரம்.
உங்க பிள்ளைங்களோட கண்ணு இருக்கிற உயரம்."
யாழரசி என்று பெயர், மகள் வயது,
வேலை செய்யாத மைக்கை
காலையிலிருந்து கீழே வைக்காமல் பிடித்திருந்தார்.

தேவகிருபைக்கு மட்டும் விலக்கு:
ஸ்டான்லியில் மூட்டைப் பார்த்த டாக்டர்
தரையையே மறந்துவிடச் சொல்லியிருந்தார்.
மற்றவர்கள் புடவையை ஒதுக்கி
சுவரைப் பிடித்து, தோளைப் பிடித்து, இறங்கினோம்.

அங்கிருந்து தெரிந்தது:
மேசைக்கு அடியில் யாரோ ஒட்டிய பபிள்கம்,
வாய் பிளந்த பிளக்பாயின்ட்,
முகமில்லாத யாழரசியின் தாடை.

மாலை மையத்து நாகூர்கனி கை தூக்கினார்.
"எங்கிட்ட வர்ற பசங்க
என்னைவிட ஒரு சாண் ஒசரம் மேடம்.
நான் ஸ்டூல் போட்டு ஏறணுமா?"
கூடம் குலுங்கியது.
அவர் சிரிக்கவில்லை, பதிலும் சொல்லவில்லை,
நோட்டில் எழுதிக்கொண்டார்.
இரண்டு நாளில் அவரை நான் நம்பியது
அந்த ஒரு நிமிடம்தான்.

எலுமிச்சை சாதப் பொட்டலம். கருத்துப் படிவம்.
பயனுள்ளதாக இருந்ததா?
எல்லாக் கட்டத்திலும் ஆம் போட்டு
நாலரை பஸ்ஸைப் பிடித்தேன்.
பயணப்படி இன்னும் வரவில்லை.

வியாழக்கிழமை, கொருக்குப்பேட்டை.
கேட் மூடிக் கிடந்தது, கூட்ஸ் வண்டி
எண்ண எண்ணத் தீராமல் போனது.
மையத்துக்குள் பத்தொன்பது பேர், பதினொரு பதிவேடு,
எடையை ஏற்றச் சொன்னால்
சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு செல்போன்.
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து
முட்டி போட்டேன்.

"டேய், டீச்சர் வுயுந்துட்சிடா!"
நாலு பேர் தூக்கிவிட வந்தார்கள்.
ஒருத்தி தன் சத்துமாவு உருண்டையை
பாதி கடித்ததை, என் வாயில் வைத்தாள்.

மென்றபடி நிமிர்ந்து பார்த்தேன்.
அ முதல் ஃ வரை அச்சடித்த அட்டை.
பதினொரு வருடத்துக்கு முன்
நானே ஆணி அடித்தது,
என் கண்ணுக்கு நேராக.
கீழிருந்து அதில் அ இல்லை, ஆடு இல்லை.
ட்யூப்லைட் பட்டு
ஒரு வெள்ளைப் பளபளப்பு.
"எங்கே பார்த்துச் சொல்லு"
"அங்க பாரு, அங்க"
எத்தனை பிள்ளைகளின் தாடையைப் பிடித்து
அந்த வெளிச்சத்துக்குத் திருப்பியிருக்கிறேன்.

குழவிக்கல்லின் முனையால் ஆணியை நெம்பினேன்.
சுவர் கொஞ்சம் வந்தது.
தரையிலிருந்து இரண்டடியில் மாட்டினேன்.

வெள்ளிக்கிழமை ஆட்டுக்கு மீசை முளைத்திருந்தது.
சனிக்கிழமை இலையின் மேல் சாம்பார்.
திங்கட்கிழமை ஃ இருந்த மூலையைக் காணோம்.
சேர்ந்ததிலிருந்து வாயே திறக்காத ஜீவித்தின்
கால்சட்டைப் பையில் அது இருந்தது,
மூன்று புள்ளியும் கசங்காமல்.
கேட்டேன். இன்றும் பேசவில்லை.
பையை மட்டும் உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.
விட்டுவிட்டேன்.

மாதக் கடைசியில் சூப்பர்வைசர் வந்தார்.
"புது அட்டை கேட்டா மேல என்ன சொல்லுவேன்?
இருப்புப் பதிவேட்டை எடு."
எழுத்து அட்டை, ஒன்று.
நிலை: நன்று அல்லது சேதம்.
இரண்டையும் அடித்துவிட்டு
பக்கத்தில் எழுதினேன்:
பயன்பாட்டில் உள்ளது.

அவர் கண்ணாடியை ஏற்றிப் படித்தார்,
அட்டை எங்கே என்று
சுவரின் மேல்பக்கம் தேடினார்.