ஆண்டுக்கு ஒன்பது மில்லிமீட்டர்

பேட்டரித் தொழிற்சாலை வருகிறது என்றார்கள்.
போத்னியா வளைகுடாவின் வடமுனையில்
பதினெட்டாயிரம் பேர் வாழும் ஊருக்கு
இன்னும் பன்னிரண்டாயிரம் பேர்.
அவர்களுக்கு முதலில் கிடைத்த முகவரி
என் மேசைமேல் விரித்த டிரேசிங் தாள்.

ஐம்பதாண்டுத் திட்டம்.
எனக்கு வயது ஐம்பத்தெட்டு.
நான் நடக்கப்போகாத தெருவின் நடைபாதையை
ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தேன்.

இங்கே தெரு என்பது மூன்று பங்கு:
வண்டிக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று,
பனிக்கு ஒன்று.
நவம்பரில் வந்து உட்காரும் விருந்தாளி
மே மாதம்வரை கிளம்பமாட்டார்.
அவருக்கும் மனை ஒதுக்க வேண்டும்.
தலைநகரிலிருந்து வந்த ஆலோசகர்
அழகாகப் படம் போட்டுத் தந்தார்,
எல்லா மரத்திலும் இலை.

பள்ளி ஜிம்மில் கருத்துக்கேட்புக் கூட்டம்.
காப்பியும் பன்னும் உண்டு என்று போட்டதால்
நாற்பது பேர்.
பீட்சா கடை நாஸெம் முதலில் கை தூக்கினார்:
புதுப் பேருந்து என் கடைப் பக்கம் நிற்குமா?
பிரெட்-ஆனே கேள்வி எதுவும் கேட்கவில்லை.
நேரே வந்து வரைபடத்தில் விரல் வைத்தாள்,
'காலியிடம்' என்று நாங்கள் எழுதிய பச்சையில்.
"ஏப்ரலில் எங்கள் துருவமான்கள் இப்படித்தான் போகும்.
இந்தப் படத்தை அவை பார்த்ததில்லை."

கடைசி வரிசையில் இங்கெயார்ட்,
கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவள்,
பன்னை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்:
"முப்பதாயிரம் பேருக்குக் கட்டில் போட்டிருக்கிறாய், யில்வா.
ஒருத்தர்கூடச் சாகமாட்டார்களா?"
யாரோ சிரித்தார்கள்.
நான் குறியீட்டுப் பட்டியலில் தேடினேன்.
இருபத்துநான்கு நிறம்.
அதற்கு மட்டும் நிறமே இல்லை.

பிப்ரவரியில் முதலீட்டாளர்கள் பின்வாங்கினார்கள்.
பன்னிரண்டாயிரத்தை நாலாயிரமாக்கு என்றது மன்றம்.
அடுத்த மாதம் ஆயிரத்தைந்நூறு.
அழித்தேன். ரப்பர் துகளை ஊதினேன்.
ஊதிய ஊதலில் ஒரு தொடக்கப் பள்ளி போயிற்று,
இரண்டு பாலம்,
இன்னும் பிறக்காத ஒரு தெருவும் அதன் பெயரும்.

அன்று மாலை பழைய துறைமுகத்துக்கு நடந்தேன்.
படகு கட்டிய இரும்பு வளையம்
சுவரில் என் தலைக்கு மேலே தொங்குகிறது.
நான் நிற்பது புல்லில்.
மலைமலையாய்ப் பனி ஏறி உட்கார்ந்து
அமுக்கி வைத்திருந்த நிலம் இது.
பாரம் இறங்கிப் பத்தாயிரம் ஆண்டாகியும்
முதுகு இன்னும் முழுதாக நிமிரவில்லை.
ஆண்டுக்கு ஒன்பது மில்லிமீட்டர்.
ஐம்பது ஆண்டில் முழங்கால் உயரம்.
கடல் அந்த அளவு பின்னால் போகும்,
பட்டா இல்லாத புது நிலத்தை விட்டுவிட்டு.
இந்த ஊரில் சொன்னபடி வளர்வது
அது ஒன்றுதான். அதற்கு
மன்றத்தின் ஒப்புதலும் தேவைப்படவில்லை.

கல்லறைகளை அந்தப் புதுக்கரையில் வரைந்து
இங்கெயார்டிடம் காட்டினேன்.
"ஈரம். குழி நிற்காது" என்றாள், பார்த்த மாத்திரத்தில்.
பிறகு நாங்கள் மூவரும்
உருகும் பனியில் பூட்ஸ் புதைய
அந்தப் பச்சை மேட்டில் ஏறினோம்.
மணல் மண். இங்கெயார்ட் குந்தி
ஒரு பிடி எடுத்து உதிர்த்துப் பார்த்தாள்.
பிரெட்-ஆனே நெடுநேரம் பேசவில்லை.
"வேலி போடாதீர்கள்" என்றாள் கடைசியில்.
அது சம்மதமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இருபத்தைந்தாவது நிறமாய்ச் சாம்பல் சேர்த்தேன்.
ஓரத்தில் எழுதினேன்: வேலியின்றி.
மன்றம் அதன் பக்கத்தில் எழுதியது: பரிசீலனையில்.

பேருந்து நிறுத்தம் மட்டும் உடனே வந்துவிட்டது,
நாஸெம் கடைக்கு எதிரே.
பனிக்கென்று நான் விட்ட மூன்றடியில்
யாரோ சிவப்பு சைக்கிளைச் சாத்தியிருக்கிறார்கள்.
நவம்பருக்கு இன்னும்
ஆறு வாரம் இருக்கிறது.